கேபினெட்டும் காற்றும்: ஓர் ஆய்வு

தமிழில் ஆய்வுக்கு அகப்படாத பொருள் இனி ஏதுமில்லை என்று பல்கலைக்கழக வளாகங்களில் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. விடுகதைகளில் காய்கறிகள் முடிந்துவிட்டன. தாலாட்டில் தாய்மாமன் எப்போதோ முடிந்துவிட்டார். எனினும் மேசைக் கணினியின் உறுப்புகள் அனைத்தையும் தன்னுள் அடக்கிக் காப்பதும், கடைக்காரரால் கேபினெட் என்றும், வீட்டாரால் சிபியு என்றும், பாட்டிமாரால் பொட்டி என்றும் அழைக்கப்பெறுவதுமான தகரப் பேழையை எந்த நெறியாளரும் எந்த மாணவருக்கும் தலைப்பாகத் தந்ததில்லை போலும். அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வு எல்லை கறாராக வகுக்கப்பட்டுள்ளது. லேப்டாப் இதில் இல்லை; அது மடியைச் சுடுவதால் மருத்துவத் துறைக்கு உரியது. 170 மில்லிமீட்டர் சதுரமேயான மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டை வாங்கி, அதைவிடச் சிறிய கூடு கிடைக்குமா என்று தேடுவோரும் இதில் இல்லை. அவர்களை உளவியலார் பார்த்துக்கொள்வர். 305-க்கு 244 மில்லிமீட்டர் உள்ள ஏடிஎக்ஸ் மதர்போர்டைத் தாங்குவதும், நிமிர்ந்து நிற்பதும், கடையில் தூக்கிப் பார்ப்பவரை ‘நல்ல வெயிட்டா இருக்கே’ என்று சொல்லவைப்பதுமான டவர் கேபினெட் ஒன்றே ஈண்டு ஆய்வுப்பொருள்.

கருதுகோள் வருமாறு: விசாலமும் காற்றோட்டமும் உள்ள கேபினெட்டைத் தேர்ந்தெடுப்பது எளிது, தேர்ந்தெடுத்தபின் அதை வீட்டாரிடமிருந்து காப்பாற்றுவது அரிது.

வரலாற்றுப் பின்னணி

வெப்பம் கணினிக்குப் பெரும் பகையானது அண்மைக் காலத்தில்தான். 1981 ஆகஸ்ட்டில் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசியின் பவர் சப்ளை மொத்தமே 63.5 வாட். 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 என்னும் கிராஃபிக்ஸ் கார்டு தனியொரு ஆளாக 450 வாட் குடிக்கும். குடித்த மின்சாரம் எங்கே போகிறது என்பது தத்துவச் சிக்கல் அன்று. விளையாட்டில் எதிரியைச் சுட்டதற்கோ, எக்செலில் கூட்டல் போட்டதற்கோ அது கழிந்துவிடுவதில்லை. ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகி அந்தப் பேழைக்குள்ளேயே இறங்குகிறது. அதை வெளியே அனுப்புவதுதான் கேபினெட்டின் தலையாய கடமை. விளக்கு எரிப்பது அன்று.

இக்கடமையைக் காற்றோட்டமின்றியே நிறைவேற்றலாம் என்று நம்பிய மரபொன்று உண்டு. அதன் தலைமைப் பீடம் ஆப்பிள் நிறுவனம். 1980-இல் வந்த ஆப்பிள் III-இல் விசிறியே கூடாது என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் பிடிவாதம். சத்தம் அவருக்கு ஆகாது. விளைவாக உள்ளிருந்த சில்லுகள் சாக்கெட்டை விட்டு நெகிழ்ந்து எழும்பின. ஆப்பிள் தரப்பிலிருந்து வாடிக்கையாளருக்குச் சொல்லப்பட்ட வைத்தியம் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது: கணினியைச் சில அங்குலம் தூக்கிப் பிடித்துத் தொப்பென்று கீழே போடவும். பழைய டிவியின் மண்டையில் தட்டிய தலைமுறைக்கு இதில் வியப்பில்லை. ஆனால் தட்டியவர்கள் நாம். தட்டச் சொன்னது டிவி கம்பெனி அன்று.

பாடம் கற்றார்களா? 2000-இல் பவர் மேக் ஜி4 க்யூப் வந்தது, மீண்டும் விசிறியின்றி. மறு ஆண்டே நிறுத்தப்பட்டது. 2013-இல் கருப்பு உருளை வடிவில் மேக் ப்ரோ வந்தது; நடுவே ஒரேயொரு விசிறி. அந்த வடிவம் வெப்பத்தில் தங்களை ஒரு மூலைக்குள் தள்ளிவிட்டதாக 2017-இல் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. 2019-இல் வந்த மேக் ப்ரோவைப் பார்த்தால் முகம் முழுக்க ஓட்டை. 5,999 டாலரில் விலை தொடங்கிய அதற்கு அடியில் சக்கரம் வேண்டுமென்றால் 400 டாலர் தனி. ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆராய்ச்சியின் முடிவு, தகரத்தில் துளை போட்டால் காற்று போகும் என்பதே. கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் இதைக் காசில்லாமல் சொல்லியிருப்பார்கள்.

இன்டெல் தரப்பும் தடுமாறாமல் இல்லை. 1995-இல் அது வகுத்த ஏடிஎக்ஸ் இலக்கணம்தான் இன்றுவரை நம் கேபினெட்டுகளை ஆள்கிறது. அதன் தொடக்க வடிவில் எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளையின் விசிறி வெளிக்காற்றை உள்ளே ஊத வேண்டும் என்றிருந்தது. அந்தக் காற்று பிராசசரைக் குளிர்விக்கும் என்பது எண்ணம். உள்ளே வரும்போதே அது எஸ்எம்பிஎஸ்ஸின் சூட்டை வாரிக்கொண்டு வரும் என்பது பிறகு உறைத்தது. திசை மாறியது. 2004 வாக்கில் பென்டியம் 4 கொதித்துக் கொண்டிருந்த காலத்தில், முன்னிருந்து பின்னுக்கு ஒரே நேர்க்கோட்டில் காற்று போகும்படி பிடிஎக்ஸ் என்ற புது இலக்கணத்தையும் இன்டெல் எழுதிப் பார்த்தது. சிந்தனை சரிதான். ஆனால் அடுத்த தலைமுறை பிராசசர்கள் சூடு தணிந்து வந்தன. 2006-இல் பிடிஎக்ஸ் கைவிடப்பட்டது. நோய் போனதும் மருந்துச் சீட்டைத் தூக்கிப்போட்டார்கள். நோய் இப்போது கிராஃபிக்ஸ் கார்டு உருவில் திரும்பி வந்திருக்கிறது.

காற்றின் இயல்

நம் ஊர்ப் பழைய வீடுகளில் வாசலில் நின்று பார்த்தால் ரேழி, கூடம், முற்றம் எல்லாம் கடந்து கொல்லைக் கிணறு வரை ஒரே நேராகத் தெரியும். வாசலில் நுழையும் காற்று யாரையும் விசாரிக்காமல் கொல்லைக்குப் போய்விடும். கேபினெட் இலக்கணம் முழுவதும் இதற்குள் அடங்கும்: முன்னால் உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே.

கணக்கும் கடினமன்று. உள்ளே 400 வாட் வெப்பம் பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நுழையும் காற்றைவிட வெளியேறும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், நொடிக்கு ஏறத்தாழ 33 லிட்டர் காற்று அந்தப் பெட்டியைக் கடந்தாக வேண்டும். ஒரு சராசரி 120 மில்லிமீட்டர் விசிறி, எதிரே எந்தத் தடையுமின்றி வெட்டவெளியில் சுற்றினால், 25 முதல் 30 லிட்டர் வரை தள்ளும். வலையும் ஃபில்டரும் கேபிளும் குறுக்கே வந்தால் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. ஆக, முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று விசிறி போதும். மனம் கேட்காவிட்டால் முன்னால் மூன்றாவது. அதற்குமேல் மாட்டும் ஒவ்வொரு விசிறியும் வெப்பத்தைவிட விற்பவரின் கவலையையே அதிகம் குறைக்கிறது.

இந்தக் கணக்கை ஒரே அடியில் பொய்யாக்குவது முகப்புக் கண்ணாடி. விசிறி ஒன்பது இருந்தாலும் அவற்றின் மூக்குக்கு நேரே டெம்பர்டு கிளாஸை வைத்து மூடி, ஓரத்தில் விரல் நுழையாத இடுக்கு ஒன்றை மட்டும் விட்டால், காற்று அந்த இடுக்கின் அளவுக்குத்தான் வரும். எனவே தேர்வின் முதல் விதி: முகத்தைப் பார். மெஷ் எனப்படும் கண்ணறை வலை முகம் முழுதும் இருக்கிறதா? வலைக்குப் பின்னால் கையை வைத்து ஊதினால் உள்ளங்கையில் காற்று படுகிறதா? பட்டால் மற்றவற்றைப் பேசலாம். கூலர் மாஸ்டரின் எச்ஏஎஃப் 932 பழைய மாடல்தான். அழகென்று அதை யாரும் சொன்னதில்லை. ஆனால் 230 மில்லிமீட்டர் விசிறிகளை மாட்டிக்கொண்டு அது நின்ற நிலையில் ஒரு நேர்மை இருந்தது. 2021-இல் வந்த ஃபிராக்டல் டிசைனின் டோரன்ட் அந்த மரபை முன்னால் இரண்டு 180 மில்லிமீட்டர் விசிறிகளோடு மீட்டெடுத்தது. பெரிய விசிறிக்கு ஒரு குணமுண்டு. அதே அளவு காற்றை நிதானமாகச் சுற்றியே தள்ளிவிடும். சின்ன விசிறி போல் கத்தாது.

இவ்விடத்தில் ஆய்வுலகம் இரண்டாகப் பிரிகிறது. வெளியே இழுப்பதைவிட உள்ளே தள்ளுவது மிகுதியாக இருக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். உள்ளே தள்ளுவதைவிட வெளியே இழுப்பதே மிகுதியாக இருக்க வேண்டும் என்பர் மறு சாரார். சூட்டைப் பொறுத்தவரை இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு தூசியில். உள்ளே தள்ளும் வலு கூடுதலாக இருந்தால் காற்று ஃபில்டர் வழியே வந்து, கண்ட இடுக்குகள் வழியே வெளியேறும். இழுக்கும் வலு கூடினால், ஸ்க்ரூ ஓட்டை, யுஎஸ்பி துளை, மூடாத ஸ்லாட் எதுவானாலும் அதன் வழியே தெருப் புழுதியை உறிஞ்சும். மெட்ரோ பணி நடக்கும் தெருவில் வசிப்போர் முதல் கட்சியில் சேர்வது நலம். ஃபில்டர் என்ற ஒன்று கழற்றிக் கழுவுவதற்காகத்தான் இருக்கிறது என்பதையும் அவர்கள் நினைவில் கொள்க. ஆறு மாதம் கழுவாத ஃபில்டர், கண்ணாடி முகப்புக்கு நிகர்.

ஒன்றை மட்டும் எந்த நெறியாளரிடமும் அடித்துச் சொல்லலாம். அறைக் காற்றைவிடக் குளிர்ந்த காற்றை எந்தக் கேபினெட்டாலும் தர முடியாது. 25 டிகிரி அறையில் 70-இல் ஓடும் சில்லு, கத்திரி வெயிலில் 38 டிகிரி ஆன மாடியறையில் ஏறத்தாழ 83-க்குப் போகும். பல இன்டெல் பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கியதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர்நாட்டு விமர்சகர் 22 டிகிரி அறையில் உட்கார்ந்துகொண்டு ‘பரவாயில்லை’ என்று சொன்ன கேபினெட்டை, திருச்சியில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் வைத்திருப்பவர் நம்ப வேண்டியதில்லை.

விசாலம் என்னும் மில்லிமீட்டர்

கேபினெட் விளம்பரங்கள் விசாலத்தைப் புகழும் விதம் மனை விற்போரின் ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து அஞ்சே நிமிஷம்’ வகையைச் சேர்ந்தது. ‘360 மில்லிமீட்டர் வரை கிராஃபிக்ஸ் கார்டு’ என்று போட்டிருக்கும். பொய் இல்லை. ஆனால் முன்பக்கம் தண்ணீர் கூலரின் ரேடியேட்டரை மாட்டினால் அதன் பருமன் 27, அதன் விசிறி 25, ஆக 52 மில்லிமீட்டர் போயிற்று. மிச்சம் 308. என்விடியாவின் சொந்தத் தயாரிப்பான 4090 கார்டு 304 நீளம். மிஞ்சுவது நான்கு மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டோ மூன்றோ போகும். இதே கார்டை மற்ற நிறுவனங்கள் தயாரிக்கும்போது இன்னும் நீளமாக்குவது வழக்கம். அப்போது நாணயமும் போகாது, கார்டும் போகாது.

அகலத்தில் இன்னொரு பொறி. காற்றாலேயே குளிர்விக்கும் பெரிய கூலர்களில் பேர்பெற்ற நாக்டுவா என்எச்-டி15-இன் உயரம் 165 மில்லிமீட்டர். கேபினெட்டின் அட்டையில் ‘கூலர் உயரம் 160 வரை’ என்றிருந்தால், ஐந்து மில்லிமீட்டர்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்று தோன்றும். தமிழகத்தில் பேருந்து இருக்கை முதல் கூட்டணித் தொகுதிப் பங்கீடு வரை அட்ஜஸ்ட் செய்ய முடியாதது ஒன்றில்லை. கண்ணாடிக் கதவு அட்ஜஸ்ட் செய்யாது. கிராஃபிக்ஸ் கார்டின் மின் கேபிளும் அப்படித்தான். பிளக்கிலிருந்து 35 மில்லிமீட்டராவது நேரே வந்தபிறகே அது வளைய வேண்டும்; கதவு அதை அழுத்தினால் பிளக் சரியாக உட்காராமல் உருகும் அபாயம் உண்டு.

மூன்றாவது இடம் யார் கண்ணிலும் படாதது: மதர்போர்டு தட்டுக்குப் பின்புறம். கேபிள்கள் எல்லாம் அங்கேதான் ஒளிந்துகொள்ளும். அங்கே 25 மில்லிமீட்டர் இருந்தால் வாழ்க்கை இனிது. 15 இருந்தால், கடைசியில் அந்தப் பக்கக் கதவை மூடும்போது ஓர் அரிய காட்சி கிடைக்கும். பையன் கேபினெட்டைத் தரையில் படுக்கப் போட்டு, 24 பின் கேபிளின் முதுகு இருக்கும் இடத்தில் முழங்காலை ஊன்றி, ஒரு கையால் கதவைத் தள்ளிக்கொண்டே மறுகையால் ஸ்க்ரூவைத் தேடுவான். கதவின் மேல்முனை பொருந்தும்போது கீழ்முனை விலகும். கீழ்முனை உள்ளே போனதும் மேலே எங்கோ ‘டக்’ என்று ஓசை கேட்கும். அவன் அசைய மாட்டான், மூச்சும் விட மாட்டான். அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து யாராவது ‘டேய், பால் வாங்கிட்டு வா’ என்பார்கள்.

கள ஆய்வு

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவே இந்த ஆய்வின் களம். வாடிக்கையாளர், அவருடைய கல்லூரி மகன், கடைக்காரர் மூவரும் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பது ஆய்வு முறையியல்.

“சார், இது பாருங்க. நாலு ஃபேன், எல்லாம் ஆர்ஜிபி, ரிமோட்டோட வருது.”

“பொட்டிக்குள்ள லைட்டு எதுக்குப்பா?”

“அப்பா, சும்மா இருங்கப்பா. அண்ணே, மெஷ் ஃப்ரண்ட்ல காட்டுங்க.”

“மெஷ்ஷா தம்பி? அந்தா மேல இருக்கு பாரு. ஆனா இப்ப பசங்க எல்லாம் கிளாஸ்தான் கேக்குறாங்க.”

“கிளாஸ்னா உடைஞ்சிராதா?”

“உடையாது சார், டெம்பர்டு. ஓரத்துல மட்டும் அடிபடக் கூடாது. டைல்ஸ் தரையில நிறுத்தி வைக்காதீங்க.”

லைட் எதற்கு என்று அப்பா கேட்கும் கேள்வி நகைப்புக்கு உரியதாகத் தோன்றலாம். ஆனால் மூவரில் அறிவியலுக்கு அருகில் நிற்பவர் அவரே. கடைக்காரர் மேலும் கீழும் தேடி, தூசி படிந்த மெஷ் மாடலை இறக்கி, கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டுகிறார். விலை ஐந்நூறு ரூபாய் குறைவு, லைட் இல்லை. மகன் முகத்தில் வெளிச்சம் குறைகிறது. மெஷ்ஷும் லைட்டும் சேர்ந்த மூன்றாவது மாடல் ஒன்று எப்போதும் உண்டு, முதலிரண்டின் விலையையும் தாண்டி. எல்லாக் கடைகளிலும் உரையாடல் அதில்தான் முடிகிறது என்பது கள ஆய்வின் கண்டுபிடிப்பு. கேபினெட் நல்லதாக அமைந்துவிடுகிறது. சிக்கல் ஆட்டோ வீட்டு வாசலில் நிற்கும்போது தொடங்குகிறது.

இல்லச் சூழலியல்

நம் வீடுகளில் கம்ப்யூட்டர் டேபிள் என்று ஒரு மரச்சாமான் உண்டு. வலப்பக்கம் கீழே சிபியு வைக்க ஓர் அறை. மூன்று பக்கமும் பலகை, முன்னால் சில மாடல்களில் கதவு வேறு. ஆயிரக்கணக்கில் செலவழித்து முன்னிருந்து பின்னுக்குக் காற்று செல்லும் கேபினெட்டை வாங்கி வந்து, பின்னுக்குப் பலகை அடித்த அறைக்குள் தள்ளிவிட்டால், பின்விசிறி வெளியேற்றிய சூடான காற்று பலகையில் மோதி, பக்கவாட்டில் சுற்றி, முன்விசிறிக்கு மறுபடியும் தீனியாகும். விசிறி எத்தனை வேகமாகச் சுற்றினாலும் அதே காற்றுதான். இந்த அறையை வடிவமைத்த தச்சர் யாரென்று தெரியவில்லை, அவர் 63.5 வாட் காலத்தில் வாழ்ந்தவராக இருக்க வேண்டும். தீர்வு எளிது: பின்பலகையை ரம்பத்தால் அறுத்தெடுக்கலாம், அல்லது கேபினெட்டை மேசைக்கு மேலே ஏற்றலாம். முதலாவதற்கு அப்பா சம்மதிக்க மாட்டார், இரண்டாவதற்கு அம்மா.

அடுத்தது துணி. டிவிக்கும் மிக்ஸிக்கும் உறை தைத்த கைகள் கணினியை மட்டும் விட்டுவிடுமா? பூப்போட்ட உறை தூசியைத் தடுக்கிறது என்பது உண்மை. அணைத்தபின் போட்டால் நல்லது. ‘ஏதோ டவுன்லோடு ஆகுதுன்னு சொன்னியே, அதான் ஆன்லயே விட்டு மூடி வச்சேன்’ என்ற வாக்கியத்தை எந்த வெப்பவியல் கணக்கும் தாங்காது.

விசாலத்தின் மற்றொரு விளைவையும் குறிப்பிட வேண்டும். பெரிய கேபினெட்டின் தலைப்பகுதி தட்டையாக, அகலமாக, இளஞ்சூடாக இருக்கும். தலைப்பகுதி முழுவதும் காற்று வெளியேறும் வலை என்பது வடிவமைப்பாளருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது ஓர் அலமாரி. மின்கட்டண அட்டை, மூக்குக் கண்ணாடி, அரைகுறையாகக் காய்ந்த கர்ச்சீப், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஆகியன அங்கே குடியேறும். பூனை உள்ள வீடென்றால் பூனையும். மழைக்காலத்தில் அதை இறக்கிவிட முயன்றவர் கையைப் பார்த்தாலே ஆய்வு முடிவு தெரியும். பின்பக்கம், மூடாத ஸ்லாட் வழியே பல்லி நுழையும். எஸ்எம்பிஎஸ் அருகே கதகதப்பாக இருப்பது அதற்குத் தெரிகிறது. மின்சுற்று என்றால் என்னவென்று தெரிவதில்லை. ஆகவே பழைய கார்டைக் கழற்றினால் அந்த ஸ்லாட்டுக்கு உரிய தகட்டைத் திரும்ப மாட்டுக. ஐம்பது காசு பெறாத தகடு பதினைந்தாயிரம் ரூபாய் மதர்போர்டைக் காக்கும்.

காற்றோட்டத்துக்கு ஆண்டுக்கொரு முறை வரும் உச்சகட்டச் சோதனை ஆயுத பூஜை. மெஷ் முகப்பில் சந்தனம் வைத்தால், விரலளவுப் பொட்டு இருபது முப்பது கண்களை ஒரேயடியாக அடைத்துவிடும். காய்ந்தபின் குச்சியால் நோண்டினால் தூளாகி உள்ளே போகும்; ஈரத் துணியால் துடைத்தால் இன்னும் பத்துக் கண்ணுக்குப் பரவும். மேலே சாமந்தி மாலை. இதழ்கள் உதிர்ந்து மேல் வலையில் படியும். கண்ணாடி முகப்புக் கட்சியினர் தங்களுக்கு இருப்பதாகச் சொல்லத்தக்க ஒரே மேன்மை இதுதான். கண்ணாடியில் வைத்த பொட்டு ஒரு துடைப்பில் போய்விடும். மறுப்புரையாக, பவர் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விளிம்பில் பொட்டை வைக்கலாம் என்ற வழியை இவ்வாய்வு முன்மொழிகிறது. பட்டன்மீதே வைத்தால் அது உள்ளே சிக்கிக்கொண்டு கணினி தானாக அணையும்.

மேலாய்வுக்குரிய களம்

நெறியாளர்கள் கேட்பார்கள் என்பதால் ஒன்றைச் சுட்டிச் செல்லலாம். கேபினெட் வரும் அட்டைப்பெட்டி. உள்ளே இருப்பதை விட எல்லாத் திசையிலும் ஒரு சாண் பெரியது, இருபுறமும் தெர்மாகோல். வாரண்டிக்கு வேண்டும் என்று அதைப் பரணில் ஏற்றுவது மரபு. கடைக்காரர் ஒரு வருடம் என்றுதான் சொல்லியிருப்பார். பரணில் ஏற்கெனவே 2009-இல் வாங்கிய மானிட்டரின் அட்டைப்பெட்டி இருக்கும். மானிட்டர் போய்ப் பல ஆண்டு ஆகியிருக்கும். விசாலமான கேபினெட் என்றால் விசாலமான அட்டைப்பெட்டி. அது பரண் வாயில் நுழையாது. அப்போது மகன் ஸ்டூலில் ஏறி நின்று மேலிருந்து தள்ள, அப்பா கீழிருந்து ‘இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிடா’ என்பார். இதில் எத்தனை மில்லிமீட்டர் வரை அட்ஜஸ்ட் செய்ய முடியும் என்பது தனி ஆய்வுக்கு உரியது.